இருவரும் நேரில் வரவேண்டும்

"இனிமே நீங்க பார்மசிக்கே போக வேண்டாம்ப்பா. மாத்திரை வீடு தேடி வந்துடும்."

மகன் இதை நல்ல சேதி சொல்லும் முகத்தோடு சொன்னான். புரூஃப் ஐயா கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். மடித்ததை மறுபடி விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எதுக்கு?" என்றார்.

"எதுக்குன்னா? ரெண்டு பஸ் மாறிப் போறீங்க. அங்க போய் மணிக்கணக்கா உக்கார்றீங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அம்மாவுக்கு இதே திட்டத்துல வீட்டுக்கே வருதாம். ஆப்ல பதிஞ்சா போதும். பதிஞ்சுட்டேன்."

"பதிஞ்சே பதிஞ்சுட்டியா?"

"ஆமாப்பா."

"அது செல்லாது. விதி இருக்கு." ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பதியராக இருப்பின் இருவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், நேரில் வரவேண்டும்."

"அதுக்கெல்லாம் இப்ப விலக்கு வந்திருக்கும்ப்பா. வயசானவங்களுக்கு."

"எனக்கென்ன வயசாயிடுச்சு?"

"அந்தத் திட்டமே வயசானவங்களுக்குத்தான்ப்பா!"

சமையலறையில் மருமகள் சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்டது. ஐயா செய்தித்தாளை நேராகத் திருப்பிக்கொண்டார். ஒரு வரியும் கண்ணில் ஏறவில்லை.

புரூஃப் ஐயா என்பது அச்சகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை புரூஃப் பார்த்தவர். கல்யாணப் பத்திரிகையோ கடை விளம்பரமோ, கண்ணில் பட்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். முதியோருக்கான அரசு மருந்துத் திட்டத்தில் சேர்ந்தபோது கொடுத்த கையேட்டையும் அப்படித்தான் படித்தார். ஒற்று மிகுந்த இடம், ஒற்று விட்டுப்போன இடம் எல்லாவற்றையும் திருத்தி முடித்தார். திட்டம் என்ன சொல்கிறது என்பது மட்டும் அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனால் அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை.

அவரும் மனைவியும் வாடகைக்கு இருந்த பழைய வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னபோது, பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். மகன் வீட்டில் ஓர் அறைதான் உபரி. அதிலும் பாதியைத் துணி காயப்போடும் ஸ்டாண்டு பிடித்துக்கொண்டிருந்தது. மகளுக்கு அப்போதுதான் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. "அம்மா என்கிட்ட இருக்கட்டும், அப்பா அண்ணன்கிட்ட இருக்கட்டும். தற்காலிகமாத்தான்" என்றாள் மகள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. இரண்டு பெட்டிகள் இரண்டு கார்களில் ஏறின. தற்காலிகம் என்ற சொல்லை எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறார் ஐயா. அது இவ்வளவு நீளமான சொல் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தவழ்ந்த குழந்தைகள் இப்போது ஓடின. பெட்டிகள் திரும்பி வரவில்லை.

போன் இருந்தது. மகள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு."

அதற்குள் ஒரு பேரப்பிள்ளை போனைப் பிடுங்கும். இன்னொன்று அழும். "அப்பா, அப்புறம் பேசுங்க" என்று மகள் வைத்துவிடுவாள். வைத்த பிறகுதான் ஐயாவுக்குப் பேச வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும்.

பிள்ளையிடம் சொல்லலாம்தான். முட்டி வலிக்கிறது என்று சொல்லலாம், மூச்சு வாங்குகிறது என்று சொல்லலாம், காது மந்தம் என்றுகூடச் சொல்லலாம். உன் அம்மா பக்கத்தில் இல்லாமல் என்னவோபோல் இருக்கிறது என்று தலை நரைத்த மனிதர் எந்த வாயால் சொல்வார்? அதனால் அவர் அந்த விதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விதி வந்த கதை சின்னது. பிரிந்து போன புதிதில், பழைய பேட்டையில் இருந்த பார்மசியிலிருந்து மகனுக்குப் போன் வந்தது. கவுன்டரில் இருக்கும் பெண்தான் பேசினாள். தம்பதியராகப் பதிந்தவர்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து வந்துதான் மருந்து வாங்க வேண்டும் என்றாள். மகன் போனை வைத்துவிட்டு, "என்ன கூத்துடா இது" என்றான். ஆனாலும் நம்பினான். அரசாங்க விதி என்று யாராவது சொன்னால், அது எவ்வளவுக்கெவ்வளவு அபத்தமாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு உண்மையாகத் தோன்றும்.

அன்றிலிருந்து அந்த ஒருநாள்தான் ஐயாவுக்கு மாதம். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் வரும் நாட்கள், பின்னால் வரும் நாட்கள். முந்தின நாளே சட்டையை இஸ்திரி போடுவார். காலையில் இருமுறை சவரம் செய்வார். பார்மசியின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிய நீல நாற்காலிகள். அதில் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் வந்ததும் பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியைக் கையால் தட்டிவிடுவாள். அவ்வளவுதான் வரவேற்பு.

டோக்கன் எண் வரும்போதெல்லாம் ஐயா பின்னால் இருப்பவரிடம், "நீங்க போங்க. உங்களைப் பாத்தா அவசரமாத் தெரியுது" என்பார். அந்தப் பார்மசியில் அவருக்கு மகான் என்று பெயர் வந்துவிட்டது.

"ஏங்க, இந்தத் திட்டம் எனக்கு இன்னும் பிடிபடலைங்க. முதல்லேர்ந்து ஒருதடவை சொல்லுங்களேன்" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பாள் மனைவி.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்கு இது ஏன் மண்டையில் ஏறவில்லை என்று ஐயாவுக்கு வியப்பாக இருக்கும். உள்ளூர ஒரு பெருமையும் இருக்கும்.

"இதோ பாரு. மாத்திரையெல்லாம் படிக்கட்டுல உக்காந்திருக்குன்னு வெச்சுக்க. கீழ்ப்படியில இருக்கறது நாம கூப்பிட்டா உடனே இறங்கி வந்துடும். மேல்படியில இருக்கறது வராது. அதுக்கு டாக்டர் எழுதிக் கேக்கணும், ஆபீஸ்ல சரின்னு சொல்லணும். சிலது படிக்கட்டுலயே கிடையாது, அது நம்ம தலையெழுத்து."

"ஓகோ."

"வருஷக் கடைசில ஒரு கதவு திறப்பாங்க. அப்ப எது வேணும், எது வேண்டாம்னு மாத்திக்கலாம். மூடிட்டா மூடினதுதான். அடுத்த வருஷம்தான்."

"அப்ப என்ன வேணும்னாலும் மாத்திக்கலாமா?"

"என்ன வேணும்னாலும்."

"எல்லாத்தையுமா?"

"திட்டத்தைம்மா. மருந்துத் திட்டத்தை."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து கேட்பாள்.

இதைத்தான் மகன் ஓர் ஆப்பை வைத்துக்கொண்டு முடித்துவைக்கப் பார்த்தான்.

வீடு தேடி வரும் முதல் பொட்டலத்தை ஐயா வாசலிலேயே எதிர்கொண்டார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். கூரியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமல், "மருந்து பார்சல், பெரியவரே" என்றார்.

ஐயா இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். "அப்படி யாரும் இங்க இல்லை."

"அட்ரஸ் இதுதானே?"

"அட்ரஸ் இதுதான். ஆள்தான் இல்லை."

கூரியர்காரர் போனைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். "இதுல போட்டோ இருக்கு. உங்களை மாதிரியே இருக்கு."

"என் தம்பி."

"இதே சட்டைதான் போட்டிருக்காரு."

"நாங்க மாத்திமாத்திப் போட்டுப்போம்."

கூரியர்காரருக்கு இன்னும் நிறைய வீடு இருந்தது. "எனக்கென்ன, ஆள் இல்லைன்னு போட்டுடறேன்" என்று பொட்டலத்தைப் பையில் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஐயா கதவைச் சாத்திவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு சீட்டியடித்தார்.

சாயங்காலம் மகன் போனில் ஒரு தகவல் வந்தது. பயனாளி பதிவு செய்த முகவரியில் இல்லை. வீட்டு விநியோகம் ரத்து; அவரது அட்டை நிறுத்திவைக்கப்படுகிறது.

"அப்பா, கவர்மெண்ட் கணக்குல நீங்க இப்ப இல்லைப்பா!" என்றான் மகன்.

சீட்டி நின்றது. வீட்டுக்கு மருந்து வராது என்ற வரைக்கும் சரி. அட்டையே இல்லை என்றால் பார்மசியிலும் வராதே?

மறுநாள் மகன் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவரைத் திட்ட அலுவலகத்துக்கு அழைத்துப்போனான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"கூரியர்ல வந்தப்போ நீங்க இல்லைன்னு சொன்னது யாரு?"

ஐயா மகனைப் பார்த்தார். தம்பி என்று சொல்ல முடியாது. அவருக்குத் தம்பி கிடையாது என்று மகனுக்குத் தெரியும்.

"நான்தான்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மறந்துட்டேன்."

"எதை?"

"நான் இருக்கறதை."

அதிகாரி முதல் தடவையாகத் திரையை விட்டுத் தலையைத் தூக்கினார். அவர் பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், நான் தெளிவாத்தான் இருக்கேன். விதிப்படி மாசாமாசம் நானும் என் வீட்டம்மாவும் சேர்ந்து போய்த்தான் வாங்கறோம். ஒரு மாசம் தவறினதில்லை" என்றார் அவசரமாக.

"எந்த விதி?"

"அதான் சார், ரெண்டு பேரும் நேர்ல வரணும்ங்கற உங்க விதி" என்றான் மகன்.

அதிகாரி ஒரு நொடி விழித்தார். தனக்குத் தெரியாத விதி ஒன்று தன் திட்டத்திலேயே இருப்பதை வந்தவர்கள் முன்னால் காட்டிக்கொள்ள அவருக்கு மனம் இல்லை. "ஆமா ஆமா. அதெல்லாம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மகன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இந்த மாதிரி மறதி இருக்கறவங்களுக்குப் பிள்ளைங்களே வாங்கிக்கற வசதி உண்டு. நீங்களே பொறுப்பாளராப் பதிஞ்சுக்குங்க. அவரை அலைய விடாதீங்க. டாக்டர்கிட்ட ஞாபகசக்திப் பரிசோதனை மட்டும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

அட்டை உயிர்பெற்றது. ஐயாவின் பயணம் அதே கையோடு செத்தது.

பஸ்ஸில் திரும்பும்போது மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அவர் பிடித்துக்கொண்டு சாலை தாண்டிய அதே கை. "கவலைப்படாதீங்கப்பா. இனிமே எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றான். நல்ல பிள்ளை. ஐயாவுக்கு அவனை இரண்டு அறை அறையலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது.

ஒரே வழிதான் மிச்சம். பரிசோதனையில் தேற வேண்டும். மறதியே இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் பொறுப்பாளர் தேவையில்லை. பழையபடி பஸ் ஏறலாம். ஐயா பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைப்போல் தயாரானார். கிழமையைச் சொல்லிப் பார்த்தார், எண்களைப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, ராக்கெட் விடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டாக்டரம்மா நிதானமானவர். கடிகாரம் வரையச் சொன்னார். ஐயா நொடிமுள் உட்பட வரைந்தார். சில சொற்களைச் சொல்லிச் சிறிது நேரம் கழித்துக் கேட்டார். ஐயா அவர் சொன்ன வரிசையிலும் ஒப்பித்தார், அகர வரிசையிலும் ஒப்பித்தார். போதாததற்குக் கேள்வித்தாளில் 'ஞாபகச்சக்தி' என்று ஒரு 'ச்' கூடுதலாக இருப்பதைச் சுட்டிக்காட்டித் திருத்தியும் கொடுத்தார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உங்க ஞாபகசக்தியில பாதி எனக்கு இருந்தாப் போதும். வீட்டுல யார்யார் இருக்கீங்க?"

"மகன், மருமகள், நான்."

"மனைவி?"

பதில் தெரிந்த கேள்விதான். ஆனாலும் இதற்கு மட்டும் அவருக்கு நேரம் எடுத்தது.

"மாசத்துல ஒருநாள்" என்றார்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்து அவர் கையில் சுற்றினார். அளவு வந்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"மறதி இல்லை. ஆனா பிரஷர் இவ்வளவு ஏறியிருக்கே. எதையாவது மனசுல போட்டு உழப்பிக்கிறீங்களா?"

"பரீட்சை பயம்தான்."

"பழைய மாத்திரை போதாது. புதுசு ஒண்ணு எழுதறேன்."

அந்தப் புதுசு, ஐயா மனைவிக்குச் சொல்லும் படிக்கட்டில் உச்சாணியில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் எழுதிக் கேட்டு, அலுவலகம் சரி என்று சொல்லியும் ஆனது. ஆனால் அந்தப் படியில் இருக்கும் மருந்தைச் சின்னப் பார்மசிகளில் தரமாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் பார்மசியில் மட்டும்தான். பெரிய ஆஸ்பத்திரி மகன் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தது. ஒரு மருந்து அங்கே என்றால் மற்ற மருந்துகளும் அங்கேதான். ஐயாவின் பெயர் பழைய பார்மசியிலிருந்து புதிய பார்மசிக்கு மாறிவிட்டது.

"நல்லதாப் போச்சுப்பா" என்றான் மகன். "நடந்தே போயிட்டு வந்துடலாம். பார்மசி வேறவேறன்னா சேர்ந்து வரணும்ங்கற விதியும் செல்லாது. யாருக்கும் தொந்தரவு இல்லை."

"ஆமா. யாருக்கும் தொந்தரவு இல்லை" என்றார் ஐயா.

வழக்கமான நாள் வந்தது. இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "பார்க் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று மருமகளிடம் சொன்னார். பார்க்கைத் தாண்டினார். பஸ் ஏறினார், மாறினார். அங்கே அவர் பெயரில் மருந்து இல்லை, போய்ச் செய்ய ஒரு காரியமும் இல்லை. கால் போயிற்று, அவரும் கூடப் போனார்.

மனைவி நீல நாற்காலியில் இருந்தாள். பையைத் தரையில் வைத்தாள். பக்கத்து நாற்காலியைத் தட்டிவிட்டாள்.

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

"நீயும்தான்."

"நான் எங்க இளைச்சேன்? பிள்ளைங்க மிச்சம் வெக்கறதையெல்லாம் நான்தானே சாப்பிடறேன்." சிரித்தாள். பிறகு, "ஏங்க, இந்தத் திட்டம் இருக்கே, முதல்லேர்ந்து..." என்று தொடங்கினாள்.

"இன்னிக்கு முதல்லேர்ந்து இல்லை. கடைசியை மட்டும் சொல்றேன்" என்றார் ஐயா. கூரியரையும் அலுவலகத்தையும் கடிகாரத்தையும் மேல்படியையும் சொன்னார். நான் இருப்பதை மறந்துவிட்டேன் என்று சொன்ன இடத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பார்மசி மாறிய இடத்தில் கையை எடுத்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்ப அடுத்த மாசம் வர மாட்டீங்களா?"

"இங்க எனக்கு மருந்து கிடையாதே. எதைச் சொல்லிட்டு வர்றது?"

அவள் பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "மருந்தே சாப்பிடாம இருந்திருக்கலாம் நாம" என்றாள் மெதுவாக. எடை பார்க்கும் இயந்திரத்தில் யாரோ ஏறி இறங்கினார்கள். டோக்கன் எண் மாறியது. அவளுடையதுதான். "நீங்க போங்க. அவசரமாத் தெரியறீங்க" என்று பின்னால் இருந்தவரிடம் அவளே சொன்னாள்.

அப்போது கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. மகன் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். பின்னாலேயே இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரட்டையரோடு மகள்.

"இங்கதான் இருப்பார்னு நான் சொல்லலை?" என்றாள் மகள்.

"அப்பா! பார்க் முழுக்கத் தேடியாச்சு! போலீசுக்குப் போன் பண்ணப்போறேன்னு உங்க மருமக வீட்டுல அழறா. இங்க உங்களுக்கு என்னப்பா வேலை? உங்க பேரே இங்க இல்லையே!"

"விதி..." என்றார் ஐயா.

"என்னப்பா பெரிய விதி!" மகன் கவுன்டர் பக்கம் திரும்பினான். அவ்வளவு நேரப் பயமும் கோபமாக மாறியிருந்தது. "ஏங்க, இந்த வயசுல ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி அலைய விடறீங்களே, நியாயமா? பாருங்க, மனுஷனுக்குப் பழகிப்போய், மருந்து இல்லாத கடைக்குக்கூடத் தானா நடந்து வந்துட்டாரு. எந்த விதில இப்படிப் போட்டிருக்கு, காட்டுங்க. காட்டலைன்னா நான் மேலே புகார் கொடுப்பேன்."

கவுன்டர் பெண் முகம் வெளுத்துவிட்டது. "சார், அது வந்து..."

"விடுடா. எல்லாரும் பாக்கறாங்க. வா, வீட்டுக்குப் போகலாம்" என்று மனைவி எழுந்து மகன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா, சும்மா விடக் கூடாது இவங்களை" என்றாள் மகள்.

ஐயா நாற்காலியை விட்டு எழுந்தார். அந்தப் பார்மசியில் மகான் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"புகாரா? யார் மேலடா புகார்? அரசாங்கம் எனக்குத் தெரிஞ்சு உருப்படியாப் போட்ட ஒரே விதி அது. கையேட்டுல முழுக்க எழுத்துப்பிழை, அர்த்தப்பிழை. இது ஒண்ணுலதான் பிழையே இல்லை. அந்த விதி இல்லைன்னா..." குரல் உடைந்தது. தாழ்த்திக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. "அந்த விதி இல்லைன்னா நான் உங்கம்மாவை எங்கடா பாப்பேன்?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் தத்தம் டோக்கனைக் குனிந்து பார்த்தார்கள். மகள் அண்ணனைப் பார்த்தாள். மனைவி புடவைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மட்டும் தெரிந்தது. அது சிவந்திருந்தது.

ஐயா கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "நீ காட்டும்மா. எழுத்துல இருக்கறதை எடுத்து இவங்க முன்னால வெச்சுக் காட்டு. அதுக்கப்புறம் யார் என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன்."

கவுன்டர் பெண் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றவளைக் கண்ணால் கெஞ்சிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"எதைங்க ஐயா காட்டறது? அப்படி ஒரு விதியே கிடையாது. 'நான் ஏங்கறேன்னு சொன்னா என் பிள்ளைங்க சிரிக்கும், கவர்மெண்ட் சொன்னா கேக்கும், நீ ஒரு போன் போட்டு இப்படிச் சொல்லிடும்மா'ன்னு அம்மாதான் என்கிட்ட வந்து கேட்டாங்க."